கற்பூரக் கரி சொன்ன கணக்கு

தொட்டிலில் குழந்தை வீரிட்டுக் கொண்டிருந்தது. மருமகள் அவசரம் அவசரமாகப் பாலைக் காய்ச்சிப் பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றினாள். புட்டியை உள்ளங்கையால் பற்றிப் பார்த்தாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ரப்பரைக் குழந்தையின் வாயில் வைக்கப் போனாள்.

"இரு, இரு! எங்கே, அதை இப்படிக் கொடு" என்று மாமியார் குறுக்கே கையை நீட்டினாள். புட்டியைக் கவிழ்த்துத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டாள். அடுத்த கணம், "ஸ்..." என்று கையை உதறினாள்.

"தொட்டுப் பார்த்தேனே, அம்மா! சூடே இல்லையே?"

"நீ புட்டியைத் தொட்டாய். குழந்தை புட்டியையா குடிக்கப் போகிறது?"

மருமகளிடம் பதில் இல்லை. புட்டி தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் போயிற்று. ஐந்து நிமிஷம் கழித்துக் குழந்தை பாலைக் குடித்துவிட்டுத் தூங்கியும் போயிற்று. மாமியாரும் மருமகளும் இந்தச் சம்பவத்தை அன்றே மறந்திருப்பார்கள்.

ஆனால் நாம் அதை அப்படி விட்டுவிடுவதற்கில்லை. மருமகளின் கை ஏன் ஏமாந்தது? அந்த ஒரே ஒரு சொட்டுக்கு உண்மை எப்படித் தெரிந்தது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் போனால் விஷயம் ஒரு பெரிய ஆராய்ச்சிச் சாலையில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே நம் வீட்டுப் பூஜை மாடத்துக் கற்பூரமும் காத்திருக்கிறது என்றால் ஆச்சரியமாக இல்லையா?

விரல் பொய் சொல்லுமா?

நாளைக் காலையில் எழுந்தவுடன், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால், ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரவெல்லாம் ஒரே அலமாரியில் இருந்த மூன்று சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓர் எவர்சில்வர் டம்ளர், மோர் கடையும் மர மத்து, ஒரு பிளாஸ்டிக் குவளை. மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது குளிர்ச்சி?

"எவர்சில்வர்தான். இதில் என்ன சந்தேகம்?" என்பீர்கள்.

ஆனால் ஓர் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே டிகிரியைத்தான் காட்டும். இரவு முழுவதும் ஒரே அறையில் இருந்தவை வேறு எப்படி இருக்க முடியும்?

அப்படியானால் விரல் பொய் சொல்லுகிறதா? இல்லை. பாவம், விரலைக் குற்றம் சொல்லக் கூடாது. நாம் கேட்டது ஒரு கேள்வி. விரல் பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. "இது எத்தனை டிகிரி?" என்பது நம் கேள்வி. "என்னிடமிருந்து சூட்டை இது எத்தனை வேகமாகப் பிடுங்கிக்கொள்கிறது?" என்பதே விரலுக்குப் புரிகிற கேள்வி. எவர்சில்வர் வெடுக்கென்று பிடுங்குகிறது, குளிர்கிறது. பிளாஸ்டிக் மெதுவாக, தயங்கித் தயங்கி வாங்கிக்கொள்கிறது. விரலுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

சூடான சாமான் என்றால் இதே கதை தலைகீழாக நடக்கிறது. எவர்சில்வர்க் கட்டி ஒன்றும் பிளாஸ்டிக் கட்டி ஒன்றும் ஒரே 70 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொட்ட கணத்தில், எவர்சில்வரின் மீது விரலின் தோல் ஏறத்தாழ 65 டிகிரிக்குப் போய்விடும். கை தானாகவே பின்வாங்கிவிடும். பிளாஸ்டிக்கின் மீதோ தோல் ஏறத்தாழ 45 டிகிரியைத்தான் உணரும். இரண்டும் ஒரே சூடு. ஆனால் ஒன்று சுடுகிறது. மற்றொன்று "பரவாயில்லை, பிடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லுகிறது.

நம் மருமகளை ஏமாற்றியது இந்தப் பிளாஸ்டிக்கின் சமர்த்துதான். பழைய நாளில் குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையிலே பால் புகட்டினார்கள். பால் சுட்டால் பாலாடை முதலில் பாட்டியின் விரலைச் சுட்டுவிடும்! எச்சரிக்கை அதிலேயே அடங்கியிருந்தது. பிளாஸ்டிக் புட்டி அந்த எச்சரிக்கையை விழுங்கிவிட்டது.

பந்தியில் பாயசம்

ஒரு பொருளுக்குள் சூடு எப்படி நடந்து போகிறது? இதைப் புரிந்துகொள்ளக் கல்யாணப் பந்திக்கு வாருங்கள். நீளமாக இலை போட்டிருக்கிறது. ஒரு கோடியில் பாயச வாளி வந்து இறங்குகிறது. கடைசி இலைக்காரருக்குப் பாயசம் எப்பொழுது கிடைக்கும்?

அது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, பரிமாறுகிறவரின் சுறுசுறுப்பு. இன்னொன்று, வழியில் உட்கார்ந்திருப்பவர்களின் வயிறு! ஒவ்வொருவரும் ஒரு கரண்டியோடு விட்டால் வாளி விரைவில் கடைசிக்கு வந்து சேரும். ஒவ்வொருவரும், "இன்னும் இரண்டு கரண்டி, இன்னும் இரண்டு கரண்டி" என்று கேட்டால், கடைசி இலைக்காரர் மோர் சாதம் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

சூட்டுக்கும் இதே விதிதான். பரிமாறுகிறவரின் சுறுசுறுப்புக்கு 'வெப்பங் கடத்தும் திறன்' என்று பெயர். பந்திக்காரர்களின் வயிற்றுக்கு 'வெப்பங் கொள்ளும் திறன்' என்று பெயர். இரண்டும் சேர்ந்து, சூடு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதற்கு 'வெப்பம் பரவும் திறன்' என்று பெயர்.

கடத்தல், கொள்ளல், பரவல் - இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் ஒரு பொருளின் சூட்டு ஜாதகமே நம் கையில் வந்துவிட்டது எனலாம். குக்கர்க் கைப்பிடி செய்கிறவருக்கும் இந்த ஜாதகம் வேண்டும். வாளியும் குடமும் வார்க்கிறவருக்கும் வேண்டும். செல்பேசிக்கு உறை செய்கிறவருக்கும் வேண்டும். ஆனால் அதைக் கணிப்பது எப்படி?

காத்திருந்து பார்த்தவர்கள்

கல்லூரியில் பௌதிகம் படித்த சகோதரிகளுக்கு 'லீஸ் தட்டு' என்ற பரிசோதனை நினைவிருக்கும். ஒரு பித்தளைத் தட்டு. அதன் மேல் அட்டையோ எபொனைட்டோ ஒரு வில்லை. அதற்கு மேல் நீராவி வருகிற பெட்டி. மேலே ஓர் உஷ்ணமானி, கீழே ஓர் உஷ்ணமானி. இரண்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அவை ஏறாமல், இறங்காமல் ஒரே நிலையில் நிற்கும் வரையில் நாமும் நிற்க வேண்டும். கால் கடுக்கும், பக்கத்து மேஜைத் தோழியோடு பேச நினைத்தால் ஆசிரியை முறைப்பார். ஒருவழியாக இரண்டும் நின்ற பிறகு கணக்குப் போட்டால் மூன்று விடைகளில் ஒன்று மட்டும் கிடைக்கும்: கடத்தும் திறன்.

இந்த முறையில் தவறு ஒன்றுமில்லை. இன்றைக்கும் நல்ல முறைதான். ஆனால் பிளாஸ்டிக்கோடு இதற்கு அவ்வளவாக ஒத்துப் போவதில்லை. பிளாஸ்டிக்குக்குள் சூடு நத்தை போல் நகர்கிறது. கனமான பலகை என்றால் நிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் சூட்டில் ஒரு பகுதி, நேர் வழியை விட்டுப் பக்கவாட்டில் நழுவிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. நீண்ட நேரம் சூட்டில் வைத்தால் சில பிளாஸ்டிக்குகள் இளகும், சில ஈரத்தை இழக்கும், உள்ளமைப்பே மாறிவிடும். அளக்கப் போன பொருள் ஒன்று, அளந்து முடிந்தபோது இருக்கும் பொருள் வேறொன்று!

ஆகையால், பொருள் விழித்துக்கொள்வதற்குள் அளந்து முடித்துவிட வேண்டும். அதற்கு ஏதாவது வழி உண்டா?

தையற்காரர் மகனும் சூட்டு அலையும்

வழிக்கு அஸ்திவாரம் போட்டவர் பிரான்ஸ் தேசத்துக் கணித மேதை ஃபூரியே. 1768ஆம் வருஷம் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய் வந்தார். பிறகு கிரனோபிள் நகரில் இருந்துகொண்டு ஒரு ஜில்லாவை நிர்வாகம் செய்தார். நிர்வாகத்துக்கு நடுவே சூடு எப்படிப் பரவுகிறது என்ற கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். 1807ல் அவர் எழுதி அனுப்பிய கட்டுரையைப் பெரிய பண்டிதர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சளைக்கவில்லை. 1822ல் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார். சூட்டைப் பற்றி இன்று போடுகிற கணக்கெல்லாம் அந்தப் புத்தகத்தின் பேரப் பிள்ளைகள்தாம்.

அதற்குப் பிறகு 1861ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி ஆங்ஸ்ட்ராம் ஒரு புதுமை செய்தார். சூடு நிலைக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஓர் உலோகத் தண்டை ஓரிடத்தில் மாறி மாறிச் சூடாக்கினார், குளிரவைத்தார். குளத்தில் கல் எறிந்தால் அலை கிளம்புகிறதல்லவா? அது போல் தண்டின் வழியே சூட்டு அலைகள் கிளம்பின. அந்த அலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வர எவ்வளவு நேரமாகிறது, வரும் வழியில் எவ்வளவு தேய்கிறது என்று பார்த்தே அவர் விடை கண்டுவிட்டார்.

நிற்கிற சூட்டைவிட நடக்கிற சூடு அதிகம் பேசும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

கற்பூரம் வருகிறது

சரியாக நூறு வருஷம் சென்றது. 1961ஆம் வருஷம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் கடற்படைக்குச் சொந்தமான ஓர் ஆராய்ச்சிச் சாலை இருந்தது. கதிர்வீச்சிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகளை ஆராய்வதற்காக ஏற்பட்டது அது. பின்னால் 1969ல் மூடப்பட்டுவிட்டது. அங்கே பார்க்கர், ஜென்கின்ஸ், பட்லர், ஆபட் என்ற நால்வர் சேர்ந்து ஒரு முறையைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். சில மில்லிமீட்டர் கனமுள்ள, அல்லது அதற்கும் மெல்லிய, ஒரு சிறு வில்லையை எடுத்துக்கொண்டார்கள். அதன் முன்புறத்துக்குக் கறுப்புப் பூசினார்கள். பின்புறத்தில், உஷ்ணத்தை உணரும் இரண்டு மெல்லிய கம்பிகளைப் பொருத்தினார்கள். புகைப்படக்காரர் 'பளிச்' என்று வெளிச்சம் அடிக்கிறாரே, அந்த ஜாதி விளக்கு, ஆனால் மிகப் பலமுள்ளது. அதை முன்புறத்தில் ஒரே ஒரு முறை பளிச்சிடச் செய்தார்கள். அவ்வளவுதான். விளக்கு அணைந்துவிட்டது. பிறகு பின்புறத்தில் சூடு எப்பொழுது வந்து கதவைத் தட்டுகிறது என்று பார்த்தார்கள்.

அந்தக் கறுப்புப் பூச்சு என்ன தெரியுமா? கற்பூரத்தைக் கொளுத்திப் பிடித்த கரி!

ஹாரத்தித் தட்டில் படிகிற அதே கரிதான். அது எதற்காக? பளபளப்பான உலோகம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கற்பூரக் கரியோ வந்த வெளிச்சத்தையெல்லாம் விழுங்கி, அங்கேயே சூடாக மாற்றிக்கொடுக்கும். படலமும் மிக மெல்லியது. ஆகையால் கணக்கைக் கெடுக்காது. விளக்கெண்ணெய்த் தீபத்தில் கரி பிடித்துக் கண்மை செய்த நம் பாட்டிமார்களை ஆராய்ச்சிச் சாலைக்கு அழைத்துப் போயிருந்தால், அந்த ஒரு வேலையையாவது அவர்கள் உடனே கற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு கல், மூன்று மாங்காய்

மறுபடியும் பந்திக்கு வருவோம். இந்தத் தடவை ஒரே ஒரு வாளிப் பாயசம்தான். முதல் இலையில் அதைக் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம். பாயசம் இலை இலையாகப் பரவிக் கடைசியில் எல்லோருக்கும் சமமாகச் சேர்ந்துவிடுகிறது.

கடைசி இலையில் என்ன நடக்கிறது? முதலில் ஒன்றுமில்லை. பிறகு சிறிது வருகிறது, ஏறுகிறது, ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. அந்த இறுதி மட்டத்தில் சரிபாதியை எட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொண்டால் போதும்.

வில்லையின் கனத்தை அதே கனத்தால் பெருக்குங்கள். வந்ததை 0.139ஆல் பெருக்குங்கள். குறித்து வைத்த நேரத்தால் வகுங்கள். பரவும் திறன் வந்துவிட்டது! மளிகைக் கணக்கைவிட இது கடினமா?

இரண்டாவது மாங்காய்: கொட்டியது இத்தனை பாயசம் என்று தெரியும். இறுதியில் ஒவ்வோர் இலையிலும் எவ்வளவு நின்றது என்றும் தெரியும். அதாவது வில்லைக்குள் போன சூடு எவ்வளவு, அது எத்தனை டிகிரி ஏறியது என்பது தெரிந்தால், கொள்ளும் திறன் கிடைத்துவிடும். மூன்றாவது மாங்காய்: பரவும் திறனையும் கொள்ளும் திறனையும் பொருளின் அடர்த்தியையும் பெருக்கினால் கடத்தும் திறன். ஒரே பளிச்சில் முழு ஜாதகம்!

அவர்கள் முதலில் அளந்தவை செம்பு, வெள்ளி, இரும்பு, அலுமினியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள். 1 மில்லிமீட்டர் கனமுள்ள செம்புத் தகட்டில் அந்தப் பாதி நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். கண் இமைக்கும் பொழுதில் பல தடவை சூடு போய் வந்துவிடும்! அதனால்தான் மின்சாரத் திரையில் ஓடிய கோட்டைப் புகைப்படம் பிடித்துக் கணக்கிட வேண்டியிருந்தது.

அதே 1 மில்லிமீட்டர் கனத்தில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கை வைத்தால்? ஏறத்தாழ ஒன்றேகால் விநாடி. செம்பைவிட ஆயிரம் மடங்கு சோம்பல்! கனத்தை 2 மில்லிமீட்டராக்கினால் நேரமும் இரண்டு மடங்காகும் என்று நினைக்காதீர்கள். நான்கு மடங்காகும், ஐந்து விநாடி. மூன்று மடங்கு கனத்துக்கு ஒன்பது மடங்கு நேரம். சாதம் ஆற வேண்டும் என்றால் குவியலாக வைக்காமல் தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்புகிறோமே, அந்தப் புத்திசாலித்தனத்தின் கணக்கு இதுதான்.

பிளாஸ்டிக்கின் பிடிவாதம்

உலோகம் சொன்னபடி கேட்டது. பிளாஸ்டிக் அவ்வளவு சுலபத்தில் கேட்கவில்லை. முதலாவது, பல பிளாஸ்டிக்குகள் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடுகின்றன. பளிச்சிட்ட ஒளி முன்புறத்தில் நிற்காமல் ஊடுருவிப் பின்புறத்துக்கே போய்விட்டால், வாளியை எல்லா இலைகளிலும் ஒரே சமயத்தில் கொட்டியது போல் ஆகும். ஆகவே முதலில் மெல்லிய தங்கப் பூச்சு, அதன் மேல் கரிப் பூச்சு என்று பிளாஸ்டிக் வில்லைக்கு அலங்காரம் செய்கிறார்கள். தங்கம் ஒளியைத் தடுக்கும். கரி அதைச் சூடாக்கும்.

இரண்டாவது, சூடு மெதுவாக நகர்வதால், பின்புறம் வந்து சேர்வதற்குள் கொஞ்சம் காற்றில் கசிந்துவிடும். வாளியில் ஓட்டை இருந்தால் கடைசி இலையில் கணக்கு உதைக்கும் அல்லவா? இந்த ஓட்டைக்குக் கணக்கிலேயே அடைப்பு வைக்கும் வழியை 1963ல் கவன் என்ற விஞ்ஞானி காட்டினார். கோடு உச்சிக்கு வந்த பிறகு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தால், கசிந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது விஷயம் பிடிவாதமல்ல, சௌகரியம். பளிச்சென்ற ஒரு துடிப்பினால் வில்லையின் சூடு ஏறுவது ஓரிரண்டு டிகிரிதான். ஆகையால் பொருள் இளகுவதில்லை, மாறுவதில்லை. 30 டிகிரியில் ஒரு துடிப்பு, 40 டிகிரியில் ஒரு துடிப்பு, 50 டிகிரியில் ஒரு துடிப்பு என்று படிப்படியாக அளந்துகொண்டே போகலாம். ஓரிடத்தில் கோடு திடீரென்று வளையும். "அம்மா, நான் இங்கே இளக ஆரம்பிக்கிறேன்" என்று பிளாஸ்டிக் சொல்லும் இடம் அது! நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் போல, நோயாளியை வருத்தாமலே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிடலாம்.

இன்று பளிச்சிடும் விளக்குக்குப் பதில் பல இடங்களில் லேசர் ஒளி வந்துவிட்டது. பின்புறத்தில் கம்பி பொருத்துவதற்குப் பதில், தொடாமலே சூட்டைப் பார்க்கும் 'கண்'கள் வந்துவிட்டன. தத்துவம் மட்டும் 1961ல் சொன்னதுதான்.

அகப்பையே நாக்கானால்

ஒளியே வேண்டாம் என்று இன்னொரு வழி கண்டவர் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்துச் சால்மர்ஸ் கலாசாலையைச் சேர்ந்த குஸ்டாஃப்சன். 1991ல் அவர் விவரித்த கருவியைப் பார்த்தால் நமக்குக் கைமுறுக்குதான் ஞாபகம் வரும். மெல்லிய நிக்கல் தகட்டை வட்டம் வட்டமாகச் சுற்றிய இரட்டைச் சுருள். மேலும் கீழும் மெல்லிய காப்புத் தாள். ஒரே பிளாஸ்டிக்கின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே இந்த முறுக்கை வைத்து, கொஞ்ச நேரம் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள்.

சூடாக்குவதும் இந்த முறுக்குதான். அளப்பதும் இந்த முறுக்குதான். சூடு ஏற ஏற நிக்கலில் மின்சாரத்துக்குத் தடை அதிகமாகும். தடையைப் பார்த்துச் சூட்டைச் சொல்லிவிடலாம். குழம்பைக் கிளறுகிற அகப்பைக்கே நாக்கு முளைத்து, "உப்புக் குறைச்சல்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான். சுற்றியுள்ள பிளாஸ்டிக் சூட்டை வாங்கி வெளியே அனுப்பினால் முறுக்கு மெதுவாகச் சூடேறும். அனுப்பாவிட்டால் சீக்கிரம் சூடேறும். அந்த ஏற்றத்தைப் படித்தே எல்லாத் திறன்களையும் கணக்கிட்டுவிடுகிறார்கள். பிளாஸ்டிக்குகளை அளப்பதற்கென்றே ஏற்பட்ட சர்வதேச நிர்ணயங்களில் இந்த முறை 2008ல் இடம் பெற்றது. ஒளித் துடிப்பு முறையும் அதே வரிசையில் இருக்கிறது.

உருகிக் குழம்பாக இருக்கும் பிளாஸ்டிக்கை அளக்க ஓர் ஊசி உண்டு. ஊசிக்குள்ளேயே சூடாக்கும் கம்பியும் இருக்கும், உஷ்ணமானியும் இருக்கும். இட்லி வெந்ததா என்று ஈர விரலால் குத்திப் பார்ப்பது போல், அதைக் குழம்புக்குள் செருகி ஒரு துடிப்புக் கொடுத்தால் விடை வந்துவிடும். வாளி வார்க்கிற தொழிற்சாலைக்கு இது முக்கியம். அச்சுக்குள் பிளாஸ்டிக்கைப் பாய்ச்சுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. அது ஆறுவதற்குத்தான் பெரும் பகுதி நேரம் போகிறது. எப்பொழுது அச்சைத் திறக்கலாம் என்று தெரியாமல் திறந்தால் வாளி கோணிப் போகும்.

சிக்குத் தலையும் வாரிய கூந்தலும்

இப்படியெல்லாம் அளந்து என்ன கண்டார்கள்? கடத்தும் திறனுக்கு விஞ்ஞானிகள் வைத்துள்ள அளவில் செம்புக்கு ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 235, எவர்சில்வருக்கு 15. சாதாரண பிளாஸ்டிக்குகளுக்கு 0.15 முதல் 0.5 வரையில்தான். தெர்மோகோலுக்கு 0.035க்கு அருகில், அதில் பெரும்பாலும் காற்றே அடைபட்டிருப்பதால் அப்படி.

பிளாஸ்டிக்குக்கு ஏன் இந்தச் சோம்பல்? அதன் அணுக்கள் நீண்ட நீண்ட இழைகளாகக் கோத்திருக்கின்றன. இழை வழியே சூடு நன்றாகத்தான் ஓடும். ஆனால் இழைகளெல்லாம் சிக்குப் பிடித்த தலைமயிர் போல் பின்னிக் கிடக்கின்றன. சூடு ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குத் தாவித் தாவி, வழி தெரியாமல் திண்டாடுகிறது.

சிக்கெடுத்து வாரிவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். 2010ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், பாலித்தீனைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இழையாக இழுத்து நீட்டினார்கள். அதில் கடத்தும் திறன் ஏறத்தாழ 104! இரும்பையே மிஞ்சிவிட்டது. பை செய்கிற அதே பாலித்தீன்தான். வாரிப் பின்னிய கூந்தலாகிவிட்டது, அவ்வளவே.

அடுக்களைக்கு என்ன லாபம்?

இதெல்லாம் சரி, நமக்கு என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

ஒன்று: சூட்டைக் கடத்தாதது வேறு, சூட்டைத் தாங்குவது வேறு. குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி கொதிக்கும்போது நாம் தைரியமாகப் பிடிக்கிற பேக்லைட் கைப்பிடிக்கும், மலிவான பிளாஸ்டிக் கரண்டிக்கும் கடத்தும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பேக்லைட் வெந்த இட்லியைப் போன்றது, மறுபடி மாவாகாது. அதை 1907ல் கண்டுபிடித்த பேக்லண்டின் பெருமையே அதுதான். பிளாஸ்டிக் கரண்டிகளில் பல, வெல்லப் பாகைப் போன்றவை. சூடு கண்டால் மறுபடி இளகும். பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரியில் உருகும். எண்ணெய்ச் சட்டி 180 டிகிரிக்குப் போய்விடும். இரும்புக் கரண்டியாவது வாங்கிய சூட்டைக் காம்பு வரையில் பகிர்ந்து கொடுத்து, "என்னை எடு" என்று கையைச் சுட்டுச் சொல்லும். பிளாஸ்டிக் கரண்டி யாருக்கும் சொல்லாமல், வாங்கிய சூட்டையெல்லாம் நுனியிலேயே வைத்துக்கொண்டு உருகும். காம்பு குளிர்ச்சியாக இருக்கிறது என்று நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது, பாதிக் கரண்டி அப்பளத்தோடு சேர்ந்திருக்கும்!

இரண்டு: பிளாஸ்டிக்கைத் தொட்டு, உள்ளே இருப்பதன் சூட்டை மதிப்பிடாதீர்கள். காப்பிக் குவளையானாலும் சரி, குழந்தையின் பால் புட்டியானாலும் சரி. கை சொல்வது எப்பொழுதும் குறைவாகவே இருக்கும். பெரியவர்களுக்கு நாக்கு லேசாகச் சுட்டால் சில நாளில் ஆறிவிடும். குழந்தையின் வாய் அப்படிப்பட்டதல்ல.

அதற்குத்தான் அந்த ஒரு சொட்டு. யோசித்துப் பாருங்கள்: மாமியார் என்ன செய்தாள்? நடுவில் இருந்த பிளாஸ்டிக்கை விலக்கினாள். மிகச் சிறிய அளவு சூட்டை ஒரே ஒரு கணம், மெல்லிய தோலின் மேல் விட்டாள். தோல் எப்படிப் பதில் சொல்லுகிறது என்று பார்த்தாள். கையும் புண்ணாகவில்லை, பாலும் வீணாகவில்லை, உண்மை தெரிந்துவிட்டது. ஏறக்குறைய இதே தத்துவத்தைத்தான் சான் பிரான்சிஸ்கோவில் நால்வர், விளக்கும் கற்பூரக் கரியும் கணக்குமாக வைத்துக்கொண்டு உலகத்துக்குச் சொன்னார்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது பால் புட்டியைக் கவிழ்த்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விடுவதைப் பார்த்தால், "எத்தனை தடவைதான் பார்ப்பீர்கள்?" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஒரு நல்ல விஞ்ஞானப் பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது.